கண்ணை அழுத்தும் இமை... அந்த அழுத்தம் எவ்வளவு?

இரவு 11 மணி. லைட்டை அணைத்தாயிற்று. தலையணையில் சாய்ந்து, போனை மார்புக்குப் பக்கத்தில் பிடித்தபடி ஒரு தொடர்கதையை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறார் ஒருவர். ஒரு மணி நேரம் ஓடிப்போகிறது. 'போதும், தூங்கலாம்' என்று நிமிர்ந்து எதிர்ச் சுவரில் இருக்கும் ஏ.சி-யைப் பார்க்கிறார். அதில் 24 என்று எண் ஒளிர்கிறது. ஆனால், அந்த 24-க்கு மேலே மங்கலாக இன்னொரு 24!

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்க்கிறார். இன்னமும் இரண்டு. பயம் வருகிறது. உடனே அதே போனை எடுத்து, 'இரட்டையாகத் தெரிவது எதனால்' என்று தேடுகிறார். வந்து விழும் பதில்கள் எல்லாம் மூளை, நரம்பு, பக்கவாதம் என்றுதான் இருக்கின்றன. அப்புறம் எங்கே தூக்கம்?

இப்படி இரட்டையாகத் தெரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. சில ஆபத்தானவை, அவற்றைப் பற்றிப் பின்னால் பார்ப்போம். ஆனால், நீண்ட நேரம் குனிந்து படித்த பிறகு மட்டும் வந்து, கொஞ்ச நேரத்தில் தானாக மறையும் இந்த 'நிழல் எழுத்து'க்குக் காரணமானவர் பெரும்பாலும் மிக அருகிலேயே இருக்கிறார். அவர், நம் கண் இமை!

ஆமாம், பூ மாதிரி மெல்லியது என்று நாம் நினைக்கும் இமைதான். அது கண்ணின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் கண்ணை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தம் எவ்வளவு என்று அளப்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வைப்பர் வேலை

நிமிடத்துக்கு 15 முறை இமைக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், 16 மணி நேரம் விழித்திருக்கும் ஒரு நாளில் 14,400 சிமிட்டல்கள் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் மேல் இமை கீழே இறங்கி, கண்ணீரை ஒரே சீராகப் பூசிவிட்டு மேலே போகிறது. மழை நாளில் காரின் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் செய்யும் வேலைதான்.

வைப்பரின் ரப்பர், கண்ணாடியோடு சரியாக ஒட்டி ஓட வேண்டும். தளர்ந்திருந்தால் தண்ணீர் கோடு கோடாக நிற்கும். ரொம்ப அழுத்தினால் கறகறவென்று கீறும். இமையிலும் அதே கதைதான். அதனால்தான், மேல் இமையின் உள்விளிம்பில் கண்ணை நேரடியாகத் தொட்டுத் துடைக்கும் பகுதிக்கு, 'லிட் வைப்பர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்கக் கண் மருத்துவ நிபுணர் டொனால்ட் கோர்ப் குழுவினர் 2002-ல் இந்தப் பகுதியில் ஏற்படும் பாதிப்பைப் பற்றி எழுதியபோது பயன்படுத்திய பெயர் அது. கண்ணீர் குறைந்தவர்களுக்கு இந்த விளிம்பு உரசி உரசிப் பழுதடைகிறது. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்று சொல்பவர்களில் சிலருக்குப் பிரச்னை இங்கேதான் இருக்கிறது.

இமை அழுத்துவது எதை என்பதும் முக்கியம். கண்ணின் முன்பக்கம், வாட்ச் கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பது கார்னியா. நடுவில் அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். உலகத்தை நாம் தெளிவாகப் பார்ப்பதற்குத் தேவையான ஒளியை வளைக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு இந்தச் சின்ன வளைவிலிருந்து கிடைக்கிறது. இதில் தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவான மேடு பள்ளம் வந்தாலும் போதும், எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எட்டிப் பார்க்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'கண்ணில் பிரஷர்' என்று கண் மருத்துவமனையில் சொல்வது வேறு. அது கண்ணுக்கு உள்ளேயிருந்து வெளியே தள்ளும் நீரின் அழுத்தம். வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு வரை இருக்கும். அது கூடினால் கிளாக்கோமா வரும் ஆபத்து உண்டு. இங்கே பேசுவது, வெளியேயிருந்து இமை கொடுக்கும் அழுத்தம். இரண்டையும் அளக்கும் அலகு ஒன்றுதான், பி.பி பார்க்கும்போது 120/80 என்று சொல்கிறார்களே, அதே மி.மீ. பாதரசம்.

வளையலுக்குள் விரல்

கண்ணின் உள் அழுத்தத்தை அளக்க எல்லாக் கண் மருத்துவமனைகளிலும் கருவி இருக்கிறது. புஸ்ஸென்று காற்றை ஊதி அளப்பதும் உண்டு. இமையின் அழுத்தத்தை அளப்பது மட்டும் ஏன் அவ்வளவு கஷ்டம்?

கையில் இறுக்கமாக இருக்கும் வளையலை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க, வளையலுக்குள் ஒரு விரலை நுழைக்கிறீர்கள். விரல் உள்ளே போனதுமே இறுக்கம் இன்னும் கூடிவிடுகிறது. அதாவது, நீங்கள் அளக்க வந்ததை நீங்களே மாற்றிவிட்டீர்கள்! இமைக்கும் கண்ணுக்கும் நடுவில் எதைச் செருகினாலும் இதே சிக்கல்தான். கருவி தடிமனாக இருந்தால் இமை வெளியே தள்ளப்பட்டு இழுபடும். அது திருப்பி அழுத்தும். கருவி காட்டுவது, கருவியே உண்டாக்கிய அழுத்தத்தையும் சேர்த்துத்தான்.

இந்த முயற்சியில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆரம்ப கால வேலை, டேவிட் மில்லர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவருடையது. 1967-ல் வெளிவந்தது. கண்ணின் மேல் வைக்கும் லென்ஸ் ஒன்றில் திரவம் நிரப்பி, இமை அதை அழுத்தும்போது உள்ளே ஏறும் அழுத்தத்தை அவர் அளந்தார். வேண்டுமென்றே ஒருமுறை கண்ணைச் சிமிட்டினால் சுமார் 10 மி.மீ. பாதரசம். இறுக்கி மூடினால் சுமார் 51! குழந்தைகள் சொட்டு மருந்துக்குப் பயந்து கண்ணை இறுக்கிக்கொள்வார்களே, அந்த மாதிரி இறுக்கம். 51 மி.மீ. பாதரசம் என்பது, கிட்டத்தட்ட 70 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அடியில் இருக்கும் அழுத்தம். இத்தனை மெல்லிய தசைக்கு அவ்வளவு தெம்பு.

1988-ல் லைடன், டெயிட் என்ற இருவர் வேறு விதமான லென்ஸ் அமைப்பில் அளந்தபோது, சாதாரணமாகத் திறந்திருக்கும் இமையின் அழுத்தம் 2 மி.மீ-க்கும் கீழே என்று கிடைத்தது. ஒருவர் அளந்தது சிமிட்டல், மற்றவர் அளந்தது சும்மா இருக்கும் இமை. கருவியும் வேறு. எண்கள் ஒத்துப்போகாததில் ஆச்சர்யமில்லை.

பிரிஸ்பேனில் நடந்தது

இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர்கள், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இருக்கும் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் முதலில் போனது நேரடியாக அழுத்தத்தைத் தேடி அல்ல. படிப்பது கண்ணை என்ன செய்கிறது என்பதைத் தேடிப் போனார்கள்.

கண் மருத்துவமனையில் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, உள்ளே வட்டம் வட்டமாக ஒளிரும் ஒரு கிண்ணத்தைப் பார்க்கச் சொல்வார்கள். அந்த வட்டங்கள் கார்னியாவில் பிரதிபலிக்கும். கார்னியா சீராக இருந்தால் வட்டங்களும் சீராக விழும். எங்காவது மேடோ பள்ளமோ இருந்தால் அந்த இடத்தில் வட்டம் நெளியும். நெளிவை வைத்து கம்ப்யூட்டர் ஒரு மேப் போட்டுவிடும். நிலத்தின் மேடு பள்ளத்தை மேப்பில் நிறங்களாகக் காட்டுவார்களே, அதே மாதிரி.

டோபியாஸ் பியூரன், மைக்கேல் காலின்ஸ், லியோ கார்னி மூவரும், ஒரு மணி நேரம் படிப்பதற்கு முன்னும் பின்னும் இப்படி மேப் எடுத்துப் பார்த்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில், படித்த பிறகு கார்னியாவில் படுக்கைவாட்டில் பட்டை போன்ற மாற்றங்கள் தெரிந்தன. படிக்கும்போது இமை விளிம்பு எந்த இடத்தில் இருந்ததோ, சரியாக அந்த இடத்தில்! வெகுநேரம் சாக்ஸ் போட்டுக் கழற்றினால் கணுக்காலில் எலாஸ்டிக்கின் தடம் இருக்குமே, அதன் கண் பதிப்பு என்று சொல்லலாம். சாக்ஸ் தடம் மாதிரியே இதுவும் தற்காலிகமானதுதான்.

நேராகப் பார்க்கும்போது ஏன் இந்தத் தொல்லை குறைவு? நேராகப் பார்க்கும்போது மேல் இமை கார்னியாவின் மேல் ஓரத்தை மட்டும் மூடியிருக்கும். கண்ணின் நடுவிலிருந்து அது தள்ளியே இருக்கிறது. பார்வையைக் கீழே தாழ்த்தினால் இமையும் சேர்ந்து இறங்குகிறது. கண் திறப்பு குறுகுகிறது. இமை விளிம்பு, நாம் பார்ப்பதற்குப் பயன்படுத்தும் நடுப்பகுதிக்கு அருகே வந்துவிடுகிறது. அப்போது விழும் தடம், பார்வையின் வழியிலேயே விழுகிறது.

அதே குழு 2006-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு சுவாரஸ்யமானது. புத்தகம் படிப்பது, மைக்ராஸ்கோப் பார்ப்பது, கம்ப்யூட்டரில் வேலை செய்வது ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். கார்னியாவில் தடம் குறைவாக விழுந்தது கம்ப்யூட்டரில்தான்! காரணம் எளிது. மானிட்டரை ஓரளவு நேராகப் பார்க்கிறோம், புத்தகத்தைக் கீழே பார்க்கிறோம். 'கம்ப்யூட்டர் பார்க்காதே, கண் கெட்டுவிடும். புத்தகம் படி' என்று சொல்லும் வீடுகளில் இந்த முடிவைச் சொன்னால் சண்டைதான் வரும். (கண் வறட்சியில் கம்ப்யூட்டரின் பங்கு வேறு. அதற்கும் வருகிறோம்.)

2008-ல் அலைரா ஷா என்ற ஆராய்ச்சியாளரும் இந்தக் குழுவினரும் நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். 15 நிமிடம்தான். பார்வையை 20 டிகிரி தாழ்த்தியும், 40 டிகிரி தாழ்த்தியும் சோதித்தார்கள். அந்த 15 நிமிடத்திலேயே மாற்றம் தெரிந்தது. 40 டிகிரியில் அதிகம். போனை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள், முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பவர்கள் இரண்டு பேரையும் மனதில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

ஒரு கோட்டின் உதவி

தடம் இருக்கிறது என்று தெரிந்தாயிற்று. தடத்தைப் பதித்த அழுத்தம் எவ்வளவு? இங்கேதான் 2010-ல் அலைரா ஷா, காலின்ஸ், பிரெட் டேவிஸ், கார்னி குழுவின் வேலை வருகிறது. தாள் போல மெல்லிய சென்சார் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அழுத்தினால் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் அழுத்தம் தெரிந்துவிடும். அந்தச் சென்சாரை ஒரு கான்டாக்ட் லென்ஸின் மேல் பொருத்தி, கண்ணில் வைத்து, அதன் மேல் இமையை இறங்கவிட்டார்கள். வளையலுக்குள் விரலுக்குப் பதிலாக ஒரு காகிதத்தை நுழைத்த மாதிரி.

இதிலும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. சேற்றில் ஹவாய் செருப்போடு நடப்பவர் அவ்வளவாக இறங்க மாட்டார். அதே எடையுள்ளவர் ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு நடந்தால் குதிகால் புதைந்துவிடும். எடை ஒன்றுதான், அது தாங்கும் இடம்தான் குறுகியது. அழுத்தம் என்பது எடையை மட்டும் பொறுத்ததல்ல, தொடும் பரப்பையும் பொறுத்தது. இமை விளிம்பின் முழு அகலமும் கண்ணைத் தொடுகிறதா, அல்லது அதில் ஒரு மெல்லிய கோடு மட்டும் தொடுகிறதா? சென்சாரின் அகலத்தைவிட அந்தக் கோடு குறுகலாக இருந்தால், சென்சார் காட்டும் சராசரி எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

விடை கொடுத்தது ஒரு பழைய கோடு. 1924-ல் மார்க்ஸ் என்ற கண் மருத்துவர் விவரித்தது (மூலதனம் எழுதியவர் இல்லை, இவர் வேறு!). இமையின் உள்விளிம்பில், எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்களுக்குச் சற்று உள்ளே, ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. லிஸமைன் கிரீன் என்ற பச்சைச் சாயத்தைக் கண்ணில் விட்டால் பளிச்சென்று தெரியும். ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட வராது. இமை முக்கியமாகக் கண்ணைத் தொடும் இடம் இந்தக் கோட்டின் பகுதிதான் என்ற முடிவுக்கு வந்து, அந்த அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

கிடைத்த எண்: மேல் இமையின் சராசரி அழுத்தம் சுமார் 8 மி.மீ. பாதரசம். ஆளுக்கு ஆள் நல்ல வித்தியாசம் இருந்தது. சராசரியிலிருந்து 3 மி.மீ-க்கு மேல் ஏறி இறங்கியது.

8 மி.மீ. பாதரசம் என்றால், 11 செ.மீ. உயரத் தண்ணீர். ஒரு டம்ளரின் அடிமட்டத்தில் இருக்கும் அழுத்தம், அவ்வளவுதான். கோட்டின் நீளம் அகலம் எல்லாம் சேர்த்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், இமை விளிம்பு கண்ணின் மேல் வைக்கும் பாரம் ஒரு ரூபாய் நாணயத்தின் எடையைத் தாண்டாது. ஆனால், அந்த நாணயம் மெல்லிய கோட்டின் மேல், விழித்திருக்கும் நேரமெல்லாம் இருக்கிறது.

ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்திலும் இதே நோக்கத்தோடு 2012-ல் ஒரு கருவியை வெளியிட்டார்கள். 'பிளெஃபரோ டென்சியோமீட்டர்' என்று பெயர். பெயர்தான் பெரிது; பிளெஃபரோன் என்றால் கிரேக்க மொழியில் இமை, அவ்வளவுதான். கண் வறட்சி உள்ளவர்களிடம் இமை அழுத்தத்துக்கும் கண்ணின் மேற்பரப்பில் ஏற்படும் பழுதுக்கும் என்ன உறவு என்பதில் அந்தக் குழு தொடர்ந்து வேலை செய்து வருகிறது.

தெரிந்து என்ன ஆகப் போகிறது?

நியாயமான கேள்விதான். பதில், கண்ணாடிக் கடையில் கொடுத்த சீட்டில் இருக்கிறது. அதில் 'சிலிண்டர்' என்று ஒரு கட்டம் இருக்கும். கார்னியா ஒரு பந்து மாதிரி எல்லாப் பக்கமும் சமமாக வளைந்திருக்காமல், ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருந்தால் வரும் பவர் அது. பக்கத்தில் 'ஆக்சிஸ்' என்று ஓர் எண். சிலிண்டர் மைனஸில் எழுதப்பட்டிருந்தால், இளைஞர்களின் சீட்டில் அந்த எண் பெரும்பாலும் 180-ஐ ஒட்டியும், தாத்தா பாட்டிகளின் சீட்டில் 90-ஐ ஒட்டியும் இருப்பதைப் பார்க்கலாம். இளம் வயதில் கார்னியா மேலும் கீழுமாகக் கூடுதலாக வளைந்திருக்கிறது. வயதாக ஆக அது மாறி, பக்கவாட்டு வளைவு முந்திக்கொள்கிறது.

'இளமையில் இமை இறுக்கமாக மேலும் கீழும் கவ்வுகிறது, வயதானால் தளர்ந்துவிடுகிறது, அதனால்தான்' என்பது வெகு காலமாகச் சொல்லப்படும் விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார்கள். இமையைக் கண்ணிலிருந்து தூக்கிப் பிடித்தபோது, சிலிண்டர் அதிகமாக இருந்தவர்களுக்கு அது கொஞ்சம் குறைந்தது. ஆக, இமைக்குப் பங்கு உண்டு. ஆனால், இமையின் இழுவிசையையும் கார்னியாவின் வளைவையும் பலரிடம் அளந்து பார்த்தபோது இரண்டும் நேராக ஒத்துப்போகவில்லை. இமை ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. இந்த விஷயத்தில் 'இதுதான் காரணம்' என்று அடித்துச் சொல்லும் வீடியோக்களை நம்பாமல் இருப்பது நல்லது.

அடித்துச் சொல்லக்கூடிய இடங்களும் இருக்கின்றன. இமையில் பெரிய கண்கட்டி வந்தால், அது கார்னியாவை அழுத்தி சிலிண்டர் பவரை உண்டாக்கும். கட்டி போனதும் பவரும் குறையும். அதனால், கட்டி இருக்கும்போது கண்ணாடிக்கு அளவு எடுப்பது வீண் செலவு. பெரியவர்களுக்கு இது வெறும் தொல்லை. கைக்குழந்தைக்கு அப்படியல்ல. பிறந்த சில வாரங்களில் இமையில் சிவப்பாகத் தடித்து வளரும் ரத்தக் குழாய்க் கட்டி, கார்னியாவை அழுத்தி அதன் வளைவை மாற்றிவிடலாம். அந்த வயதில் ஒரு கண் மங்கலாகவே பார்த்துக்கொண்டிருந்தால், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தவே கற்றுக்கொள்ளாமல் போய்விடும். பிற்பாடு கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. 'தானாகச் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல், குழந்தையின் இமையில் தடிப்பைப் பார்த்ததுமே கண் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் செய்பவர்களுக்கும் இமையின் அழுத்தம் தேவை. சிலிண்டர் பவர் உள்ள லென்ஸ் கண்ணில் சுழலக் கூடாது. சுழன்றால் பார்வை கெட்டுவிடும். ஒட்டும் பசையா போட முடியும்? அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஈரமான தர்பூசணி விதையை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? விர்ரென்று வழுக்கி ஓடும். லென்ஸில் ஒரு பகுதி மெல்லியதாகவும் ஒரு பகுதி தடிமனாகவும் இருந்தால், இமை ஒவ்வொரு முறை சிமிட்டும்போதும் தடித்த பகுதியை அதேபோல் பிதுக்கி, அது இருக்க வேண்டிய இடத்துக்குத் தள்ளிவிடும். இந்தத் தத்துவத்துக்கு ஆங்கிலத்தில் பெயரே தர்பூசணி விதைத் தத்துவம்தான்.

மறுபக்கம், இமை தளர்ந்து போனாலும் பிரச்னை. இமையில் ரப்பர் மாதிரி தொய்வு வந்து, தூங்கும்போது தலையணையில் உரசித் தானாகப் புரண்டுவிடும் ஒரு நிலை உண்டு. காலையில் கண் சிவந்து உறுத்தும். இப்படி இமை தொய்ந்தவர்களில் பலருக்கு, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்னையும் சேர்ந்து இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதனால், இமையைப் பார்த்த மருத்துவர் 'ராத்திரி குறட்டை விடுவீங்களா?' என்று கேட்டால், ஏன் சம்பந்தமில்லாமல் கேட்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

இமையின் தளர்வை மருத்துவர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? கீழ் இமையை விரலால் மெதுவாகக் கீழே இழுத்து விடுகிறார்கள். டக்கென்று திரும்பினால் சரி. மெதுவாகத் திரும்பினால், அல்லது ஒருமுறை சிமிட்டிய பிறகே திரும்பினால் தளர்வு. சென்சார்கள் எல்லாம் ஆய்வகத்தில் இருக்க, கிளினிக்கில் இன்னமும் விரல்தான்.

போனும் இமையும்

இப்போது ஏ.சி-யில் இரண்டு 24 பார்த்தவரிடம் திரும்புவோம். அவர் செய்ய வேண்டியது முதலில் ஒன்றுதான். ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும், பிறகு மற்றதை.

ஒரு கண்ணை மூடியும், திறந்திருக்கும் இன்னொரு கண்ணில் நிழல் தெரிகிறது என்றால், அது அந்தக் கண்ணின் ஒளியியல் சம்பந்தப்பட்டது. இமைத் தடமாக இருக்கலாம், கண் வறட்சியாக இருக்கலாம், கண்புரையின் தொடக்கமாகக்கூட இருக்கலாம். ஒரு அட்டையில் ஊசியால் சின்ன ஓட்டை போட்டு அதன் வழியே பார்த்தால் இந்த வகை நிழல் பெரும்பாலும் மறைந்துவிடும். கொஞ்ச நேரம் நிமிர்ந்து தூரத்தில் பார்த்து, நன்றாக இமைத்தால் இமைத் தடமும் மெல்ல மறைந்துவிடும். எவ்வளவு நேரம் படித்தோமோ அதற்கேற்ப மறையும் நேரமும் கூடுகிறது. திரும்பத் திரும்ப வந்தாலோ, மறையாமல் நின்றாலோ கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு கண்ணையும் திறந்தால் இரண்டாகத் தெரிகிறது, எந்த ஒரு கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிடுகிறது என்றால் கதை வேறு. இரண்டு கண்களும் ஒரே திசையில் பார்க்கவில்லை என்று அர்த்தம். திடீரென்று இப்படி வந்தால், அதிலும் தலைவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் எதுவும் சேர்ந்திருந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அவர் செய்யக் கூடாததும் ஒன்று உண்டு. அவர் அதைத்தான் முதலில் செய்தார்: கண்ணைக் கசக்கியது. இமையின் சொந்த அழுத்தம் ஒரு டம்ளர் தண்ணீர் என்றால், விரல் முட்டியால் அழுத்திக் கசக்குவது அதைவிடப் பல மடங்கு. அடிக்கடி பலமாகக் கசக்கும் பழக்கத்துக்கும், கார்னியா மெலிந்து கூம்பு மாதிரி முன்னே தள்ளும் கெரட்டோகோனஸ் நோய்க்கும் தொடர்பு இருக்கிறது. அலர்ஜியால் எப்போதும் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் கவனம் தேவை. அரிப்புக்குச் சொட்டு மருந்து இருக்கிறது. கூம்பாகிப் போன கார்னியாவைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை.

அப்புறம், பாக்கி வைத்திருந்த கண் வறட்சி. ஜப்பானில் கஸுவோ ட்சுபோட்டாவும் நாகமோரியும் 1993-ல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 முறையும், கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும்போது 7 முறையும்தான் இமைத்தார்கள். இமைத் தடத்தில் புத்தகம் மோசம், இமைக்க மறப்பதில் திரை மோசம். போனில் என்ன ஆகிறது என்றால், புத்தகம் போலக் குனிந்து, திரை போல இமைக்காமல் பார்க்கிறோம். வைப்பர் பாதி நேரம் ஓடவில்லை. ஓடும்போது கண்ணாடியில் தண்ணீரும் போதவில்லை.

இமைத் தடத்தால் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருமா? அப்படி ஒரு கருதுகோள் ஆய்வாளர்களிடம் உண்டு. நிரூபணம் ஆகவில்லை. பிள்ளைகள் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் நேரத்தைக் கூட்டினால் கிட்டப்பார்வை வருவது குறையும் என்பதற்குத்தான் இதுவரை நல்ல ஆதாரம் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் பள்ளி நேரத்தில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். 3 ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவிகிதம். அப்படி விடாத பள்ளிகளில் அது கிட்டத்தட்ட 40 சதவிகிதமாக இருந்தது.

கடைசியாக, கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறை. டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? மடியில் போனை வைத்துக்கொண்டு, 40 டிகிரி குனிந்து, ஒரு மணி நேரம்! பெயரைக் கூப்பிட்டதும் அப்படியே எழுந்துபோய் மெஷினில் தாடையை வைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதனால் வரும் மாற்றம் மிகச் சிறியது. கண்ணாடியில் மாற்றக்கூடிய மிகச் சின்ன அளவான 0.25 பவரை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். ஆனாலும், லேசர் சிகிச்சைக்காகவோ கண்புரை ஆபரேஷனுக்காகவோ கார்னியாவை நுணுக்கமாக அளக்கப் போகிறவர்கள், அந்த நேரத்துக்குப் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, எதிரே ஓடும் டி.வி-யை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுக்க எத்தனை நாளுக்கு முன்பே அதைக் கழற்ற வேண்டும் என்பதையும், அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.